தலையைத் தூக்க வேண்டாம்

கார் நிக்கோபார் கப்பல் இன்றைக்குக் கிடையாது என்று விஜயலட்சுமி காலையிலிருந்து தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடல் கொந்தளிப்பு, மறு அறிவிப்பு வரும்வரை கப்பல் போர்ட் பிளேர் துறைமுகத்தை விட்டு நகராது. டிக்கெட் கவுன்ட்டரின் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள், காற்றையும் மழையையும் இவளே கிளப்பிவிட்டாள் என்பதுபோல முறைத்துவிட்டுப் போனார்கள். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. அழகர்சாமி. கார் நிக்கோபாரில் அவள் கணவர் சிவப்பிரகாசத்தோடு ஒரே குவார்ட்டர்ஸில் தங்கியிருப்பவன், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். அவன் இந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"அக்கா, உக்காந்திருக்கீங்களா?"

"கவுன்ட்டர்ல இருக்கேன். என்ன தம்பி?"

"சாருக்கு உடம்பு சரியில்லக்கா. பம்ப் ஹவுஸ்ல வால்வு திறக்கப் போனாரு. கை நழுவுதுன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. வலது கை, கால் விழுந்துருச்சு. பேச்சு வரல. இங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

வரிசையில் முன்னால் நின்ற ஆள், "மேடம், கார் நிக்கோபார்?" என்று கேட்டான். "ஜஹாஸ் நஹீ ஹை" என்று அவள் வாய் தானாகவே சொல்லிற்று. கப்பல் இல்லை. சொன்ன பிறகுதான் அது தனக்கும் சேர்த்துத்தான் என்று உறைத்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அழகர்சாமி தொடர்ந்து பேசினான். மூளைக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்கிறார் அங்குள்ள டாக்டர். ஸ்கேன் எடுக்காமல் எந்த ஊசியும் போட முடியாது, போர்ட் பிளேருக்கு அனுப்பியே தீரவேண்டும் என்கிறார். ஹெலிகாப்டருக்குச் சொல்லியாயிற்று. ஆனால் மேகம் கலைந்தால்தான் அது கிளம்பும்.

"எப்பக் கலையும்?"

"தெரியலக்கா. இங்க ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது, அப்படி ஊத்துது."

அவள் ஒரே நாளில் பத்துப் பேரிடம் சொல்லுகிற பதில் அது. மற்றவர்களுக்குச் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு கனமும் இருந்ததில்லை.

பக்கத்துக் கவுன்ட்டர்ப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எங்கே போவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் இல்லை. ஹெலிகாப்டர் இறங்குமிடத்தில் ஹெலிகாப்டர் இல்லை. சும்மா நிற்க முடியாமல், வீடு இருக்கும் கராச்சர்மாவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்னலில் பஸ் நின்றபோது ஓட்டுநரின் முதுகைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வீட்டு நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி மழையில் நடந்தாள்.

வீட்டுக்கு எதற்கு வந்தோம் என்று உள்ளே நுழைந்த பிறகு யோசித்தாள். அவருடைய லுங்கி ஒன்று, துண்டு ஒன்று. அலமாரி இழுப்பறையில் பிரஷர் மாத்திரைப் பட்டை கிடந்தது. போன லீவுக்கு வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போனது. ஒன்றோ இரண்டோ தவிர எல்லாக் குமிழ்களும் உள்ளே மாத்திரையோடு உப்பலாகவே இருந்தன. அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கார் நிக்கோபாருக்கு அவரை யாரும் அனுப்பவில்லை. அரசு வேலையில் இருப்பவர்கள் ஆளைப் பிடித்துத் தவிர்க்கிற மாற்றலை அவர் தானே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன வருடம் அவர்களுடைய ஒரே மகள் மங்கையர்க்கரசி, வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டும் பிப்லப் மண்டலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். குடியேறிய வங்காளிக் குடும்பம் அவனுடையது. சிவப்பிரகாசம் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. "நீ போறதுன்னா போ" என்று மனைவியிடம் மட்டும் சொன்னார். விஜயலட்சுமி போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த மாதமே அவர் பெட்டியைக் கட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு போன். "தண்ணி வந்துச்சா? சரி." குடிநீர்ப் பிரிவில் முப்பது வருடம் இருந்த மனிதர் வேறு எதைக் கேட்பார் என்று அவளும் விட்டுவிட்டாள். மகள் பெயரை அவரும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை.

மங்கைக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் வரலாமாம்மா?"

"இதென்ன கேள்வி? வா."

மேகம் விலகி ஹெலிகாப்டர் வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்ததும் அவள் பார்த்தது ஒரு பக்கம் இழுத்துத் தொங்கிய முகத்தை. கண்கள் இரண்டும் இடப்பக்கமே ஒதுங்கி நின்றன. "என்னங்க" என்று கூப்பிட்டாள். கண்கள் அவளைத் தேடின, ஆனால் அவள் நின்ற வலது பக்கத்துக்கு வரவே இல்லை. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய் நின்றாள். அப்போது பார்த்தார். வாயைத் திறந்தார். "த... த..." என்று மட்டும் வந்தது. கூடவே ஹெலிகாப்டரில் வந்த அழகர்சாமி, சட்டையெல்லாம் நனைந்து, அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்கேன் அறைக் கதவுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு நர்ஸ் இரண்டு தடவை நாற்காலியைக் காட்டினாள். மூன்றாவது தடவை விட்டுவிட்டாள்.

டாக்டர் இந்திராணி நடுவயதுக்காரர். மதுரைப் பக்கத்துப் பேச்சு. அவளைக் கணினித் திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மூளைக்குப் போற பெரிய குழாய், இடது பக்கத்துல, இங்க முழுசா அடைச்சிருக்கு. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு. ஆரம்பிச்ச சில மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நேரம் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்ததுலயே போயிருச்சு."

"அப்ப?"

"சாதாரணமா இந்தக் குழாய் அடைச்சா இந்நேரத்துக்கு இந்தப் பக்கம் பாதி மூளை செத்துப்போயிருக்கணும். இவருக்குப் போகல. இங்க பாருங்க." திரையில் கருப்பு நிலத்தில் வெள்ளை வேர்கள் போலப் படர்ந்திருந்தவற்றின் மேல் விரலை ஓட்டினார். "இதெல்லாம் பக்கத்துக் குழாய்ங்க. எல்லார் தலையிலயும் இருக்கும், சிலருக்கு நிறைய, சிலருக்குக் கம்மி. பெரிய குழாய் நல்லா ஓடுறவரைக்கும் இதுங்களுக்கு வேலையே கிடையாது. அடைச்ச உடனே இதுங்க வழியா இரத்தம் பின்பக்கமாச் சுத்திக்கிட்டு வருது. உங்க வீட்டுக்காரருக்கு இது நல்லா இருக்கு. அதனாலதான் இன்னும் காப்பாத்த இடம் மிச்சமிருக்கு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. சில பேருக்கு ஒரு நாள் பூரா தாங்கும். சில பேருக்குப் பேசிக்கிட்டு இருக்கறப்பவே கைவிட்டுரும்."

தொடை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி, மூளைவரை போய், அடைப்பை இழுத்து எடுத்துவிடலாம். அது சென்னையில்தான் முடியும். அங்கே பேசியாயிற்று. படங்களைப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மருத்துவ விமானம் அங்கிருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகவேண்டும். வழியில் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். அங்கே போய் இறங்கும்போது இந்தச் சிறு குழாய்கள் ஓய்ந்திருக்கலாம். அடைப்பை எடுத்த பிறகு உள்ளே இரத்தக் கசிவு வரலாம். டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை.

"அனுப்பாம இங்கயே வெச்சிருந்தா?"

"பெரும்பாலும் வலது பக்கம் போயிரும். பேச்சும் போயிரும். உயிருக்கே ஆபத்தாவும் ஆகலாம்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சிவப்பிரகாசத்தின் அண்ணன் பெரியதம்பி, சிவகங்கையிலிருந்து. யார் சொன்னார்களோ, விஷயம் அதற்குள் கடல் தாண்டியிருந்தது.

"ஏம்மா, இந்த நெலமையில ஆகாசத்துல தூக்கிட்டுப் போறாங்களாமே? போற வழியில ஏதாவது ஆனா யாரு பொறுப்பு? அங்கயே வெச்சுப் பாருங்க. நான் ரெண்டு நாள்ல வந்துர்றேன். வந்து பேசி முடிவெடுக்கலாம்."

"ரெண்டு நாள் காத்திருக்க நேரம் இல்லைங்க பெரியத்தான்."

"அவசரப்படாதம்மா. பொம்பள தனியா முடிவெடுக்கிற காரியமா இது?"

அவள் திரையைப் பார்த்தாள். அந்த வெள்ளை நூல்கள் அசையவில்லை, அது படம்தான். ஆனால் பக்கத்து அறையில், அந்த மண்டைக்குள், அவை இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. அவள் பேசப் பேச ஓடுகின்றன.

"நான் அனுப்புறேன்" என்று போனில் சொன்னாளா, டாக்டரிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் கேட்டது.

சென்னையிலிருந்து விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. அது வந்து சேரும்வரை செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. சிவப்பிரகாசத்தைத் தலையணை இல்லாமல் மட்டமாகப் படுக்கவைத்திருந்தார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தில் திரை ஒன்று அவருடைய இரத்த அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எண் மிக உயரத்தில் நின்றது. வீட்டில் அதில் பாதி ஏறினாலே அவரோடு சண்டை போடுவாள். கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

"மேடம், பிரஷர் எகிறிக் கெடக்கு. இதுல ஒண்ணு குடுத்துரட்டுமா? இவரு மாத்திரையே ஒழுங்காப் போடலை. அதனாலதான் இவ்வளவும்."

டாக்டர் அந்தப் பட்டையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"இத்தனை நாள் போட்டிருக்கணும். இன்னைக்கு மட்டும் குடுக்கவே கூடாது. அவரு தண்ணி லைன்ல வேலை பாக்குறவர்தானே? மெயின் லைன் அடைச்சு, பக்கத்துச் சின்ன லைன் வழியா மேட்டு வீட்டுக்குத் தண்ணி ஏறணும்னா என்ன வேணும்?"

"பிரஷர் வேணும்."

"அதேதான். இப்ப அந்தச் சின்னக் குழாய்ங்களைத் தள்ளிவிடுறது இந்த பிரஷர்தான். அளவுக்கு மீறினா நாங்க பாத்துக்கிறோம். நீங்க குறைக்காதீங்க. தலையையும் தூக்க வேண்டாம். எழுந்திரிக்க விடாதீங்க, என்ன ஆனாலும்."

கராச்சர்மாவில் மேட்டுத் தெருவில் குடியிருப்பவளுக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து கட்டிலுக்கு இடது பக்கத்தில், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள். இப்போது அந்த எண் கொஞ்சம் இறங்கினாலும் அவளுக்குப் பக்கென்றது. ஏறினாலும் பக்கென்றது.

அவர் சும்மா இருக்கவில்லை. இடது கையால் போர்வையைத் தள்ளினார். குழாய் செருகியிருந்த இடத்தைத் தடவினார். எதையோ கேட்டார், அது சொல்லாக வரவில்லை. தண்ணீரா, போர்வையா, கழிப்பறையா என்று இவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, பிறகு எல்லாவற்றையும் மறுத்தார். ஆனால் வலது கால் கட்டைவிரல் அவ்வப்போது அசைந்தது. டாக்டர் வந்து உள்ளங்காலில் சுரண்டியபோது முழங்கால்கூடக் கொஞ்சம் மடங்கியது. "நல்லது" என்றார் டாக்டர். விஜயலட்சுமி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மங்கை உள்ளே வந்தாள். வண்டூரிலிருந்து பிப்லப்பின் பைக்கில், மழையில் வந்திருந்தாள். துப்பட்டாவிலிருந்து நீர் சொட்டியது. பிப்லப் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். மங்கை கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"அப்பா."

சிவப்பிரகாசம் அவளைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தார். முகத்தின் இடது பாதி எப்படியோ மாறியது. அது கோபமா, வேறு ஏதாவதா என்று விஜயலட்சுமியால் படிக்க முடியவில்லை. பாதி முகத்தை எப்படிப் படிப்பது? அவள் சுதாரிப்பதற்குள் அவர் இடது முழங்கையை ஊன்றி, கட்டிலின் கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்துத் தூக்கி உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"என்னங்க, வேண்டாம், படுங்க!"

உட்கார்ந்த சற்று நேரத்திலேயே அவருடைய கண் செருகியது. திறந்திருந்த வாய் அப்படியே தொங்கியது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியது. விஜயலட்சுமியும் ஓடிவந்த நர்ஸும் சேர்ந்து பிடித்து மட்டமாகக் கிடத்தினார்கள். வலது கால் துணி மாதிரி கிடந்தது. கட்டைவிரலைத் தொட்டாள். அசைவில்லை. கூப்பிட்டாள். பதில் இல்லை.

டாக்டர் வந்தார். கட்டிலின் கால்மாட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். சலைன் வேகமாக இறங்கியது. மங்கை வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் மறுபடி கண் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவள்தான்.

"நீ வெளிய போ" என்றாள் விஜயலட்சுமி.

"அம்மா—"

"போடி. அவரு கண்ணுல படாத."

மகள் போனாள். எப்படிப் போனாள் என்று பார்க்க விஜயலட்சுமிக்கு நேரமில்லை. கணவரின் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கைக்குள் ஏதோ லேசாக உரசிற்று. கட்டைவிரல். பிறகு மறுபடியும்.

"வந்துருச்சு மேடம்" என்றாள்.

"படுக்க வெச்சதும் இரத்தம் திரும்ப ஏறியிருக்கு" என்றார் டாக்டர். அவர் நெற்றியும் வேர்த்திருந்தது. "எவ்வளவு விளிம்புல நிக்கிறாருன்னு தெரியுதுல்ல?"

விமானம் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள். விஜயலட்சுமி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸில் ஏறப்போகும்போது பிப்லப் ஓடிவந்தான். எங்கிருந்தோ வாங்கிய பிஸ்கட் பொட்டலம், தண்ணீர் பாட்டில், போனுக்கு சார்ஜர், மங்கையின் ஸ்வெட்டர், எல்லாம் ஒரு பையில் இருந்தன.

"மா, மேலே குளிரும்" என்று இந்தியில் சொன்னான். "நாங்கள் காலை ஃப்ளைட்டில் வருகிறோம்."

மங்கை அவனுக்குப் பின்னால், தூண் மறைவில், உள்ளிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். விஜயலட்சுமி அவளைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

அந்தச் சின்ன விமானத்தில் அவளால் நடக்க முடியவில்லை. அதுவே பெரிய வதையாக இருந்தது. முழங்கால் இடிக்கும் இருக்கையில் பெல்ட்டோடு கட்டுண்டு, கணவருடைய காலுக்கு மேல் குனிந்து, விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விமானம் குலுங்கியபோது அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். கூட வந்த மருத்துவப் பணியாளர் தோளை அழுத்திப் பிடித்தார். "பெரியவரே, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றார். அவர் அந்த ஆளை முறைத்தார். முறைக்கிறாரே என்று இவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் முடியவே இல்லை. இந்தக் கடலைத் தாண்டுவதற்குக் கப்பலில் மூன்று நாள் ஆகும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

சென்னையில் இரவாகியிருந்தது. ஆம்புலன்ஸ் நேராக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து, மறுபடி ஒரு ஸ்கேன், மறுபடி ஒரு கையெழுத்து. கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக் கூண்டு போன்ற காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. அவள் உட்காரவில்லை. பிஸ்கட்டைப் பிரித்தாள், தின்னாமல் மூடினாள். பெரியதம்பி இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட நினைத்து, எண்ணை அழுத்தப்போய் நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வந்த டாக்டர் இளைஞர். போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெள்ளைத் துணியின்மேல் கருஞ்சிவப்பாக ஏதோ கிடந்தது. சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் நீளம்.

"இதுதாம்மா அடைச்சிருந்தது. எடுத்தாச்சு. பெரிய குழாய் திறந்து நல்லா ஓடுது."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று தோன்றியது. ஹெலிகாப்டர், விமானம், கடல், எல்லாம் இந்தத் துணுக்குக்காகவா?

"இத்தனை மணி நேரம் கழிச்சு வர்ற பல பேருக்கு எடுக்கறதுல பிரயோஜனமே இருக்காது. இவருக்குப் பக்கத்துக் குழாய்ங்க பிடிச்சு நிறுத்தியிருக்கு. ஆனா எல்லா இடத்தையும் பிடிக்க முடியல. பேச்சுக்கான பகுதியில ஒரு துண்டு போயிருக்கு. கால் தேறும்னு நினைக்கிறேன். கை மெதுவா. பேச்சைப் பத்தி இப்பச் சொல்ல முடியாது."

"டாக்டர்" என்றாள். கேட்கவேண்டாம் என்று நினைத்தபடியே கேட்டாள். "அங்க ஒரு தடவை எழுந்து உக்காந்துட்டாரு. அதனாலயா அந்தத் துண்டு போச்சு?"

அவர் யோசித்தார். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது."

மறுநாள் மங்கையும் பிப்லப்பும் வந்தார்கள். ஆஸ்பத்திரி கேன்டீனில் காபியை வைத்துக்கொண்டு மங்கை அதே கேள்வியைக் கேட்டாள். "நான் வந்ததாலயாம்மா?"

"இல்ல" என்றாள் விஜயலட்சுமி. அது மிக வேகமாக வந்துவிட்டது. மகள் அதைக் கவனித்தாள். இரண்டு பேரும் காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்தார்கள்.

வலது கால் நாளுக்கு நாள் தேறியது. அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கத் தொடங்கினார். பேச்சுதான் வரவில்லை. விஜயலட்சுமி கண்ணாடியைக் காட்டினால் "தண்ணி" என்றார். சீப்புக்கும் தண்ணி. அவளுக்கும் தண்ணிதான். தவறு என்று அவருக்கே தெரிந்தது. அதனால் கண் கலங்கிற்று, அல்லது தட்டைத் தள்ளிவிட்டார். மங்கை வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. மங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை விரல் விரலாக நீவிவிடுவாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அன்றைக்கு எதற்காக எழுந்தார் என்ற கேள்வி அந்த அறைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டால் சொல்ல அவரிடம் சொல் இல்லை.

பிப்லப் அறைக்குள் வருவதே இல்லை. கதவருகே நிற்பான், சாப்பாட்டை நீட்டுவான், போவான். ஒரு நாள் மத்தியானம் அப்படி நின்றபோது சிவப்பிரகாசம் அவனை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஆவ்" என்றார்.

விஜயலட்சுமியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"ஆவ்... பைட்டோ. கடே க்யோன் ஹோ?"

வா, உட்கார், ஏன் நின்றுகொண்டிருக்கிறாய். கோணல் இல்லாத இந்தி. முப்பது வருடம் பைப் பதிக்கும் ஆட்களை விரட்டி வேலை வாங்கிய இந்தி. பிப்லப் மாமியாரைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி இதைக் கேட்டு அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. இரண்டு மொழி பேசுகிறவர்களில் சிலருக்கு ஒன்று முந்திக்கொண்டு வரும், எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். "வர்றதைப் பிடிச்சுக்கோங்க. அதுல பேசுங்க. தமிழும் பின்னால வரலாம்."

விஜயலட்சுமிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவும்போது நெஞ்சுக்குள் ஏதோ அரித்தது. வீட்டுக்குள் தமிழ்தான் பேசவேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். மங்கை சின்ன வயதில் பள்ளிக்கூடத்து இந்தியில் பேசினால் பதிலே சொல்லமாட்டார். இப்போது கட்டின மனைவிக்குத் தண்ணியைத் தவிர ஒரு சொல் இல்லை. ஒரு வருடமாக முகம் பார்க்காத மருமகனிடம் முழு வாக்கியம் பேசுகிறார்.

டிஸ்சார்ஜ் ஆனதும், பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். மங்கை லீவு முடிந்து வண்டூருக்குத் திரும்பினாள். மழைக்காலத்தில் படகு அவ்வளவாக ஓடாது என்று பிப்லப் இருந்துவிட்டான். காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வருவான். இரண்டு பேரும் பம்ப், மோட்டார், படகு இன்ஜின் என்று ஏதாவது பேசுவார்கள். பாதி தப்பாக வரும். பிப்லப் திருத்தாமல் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டுவான். அது அவனுடைய தந்திரமா, குணமா என்று விஜயலட்சுமி கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவளும் கணவரிடம் இந்தியில் பேச வேண்டியதாயிற்று. அவளுக்குத் தெரிந்தது கவுன்ட்டர் இந்திதான். "கானா லேங்கே? ஜல்தி போலோ" என்று அவள் சாப்பாடு வேண்டுமா, சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்டபோது அது வரிசையில் நிற்கிறவனை அதட்டுவதுபோலவே இருந்தது. சிவப்பிரகாசம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வாயின் இடது ஓரம் மேலே போனது. வலது ஓரமும் தாமதமாகப் பின்தொடர்ந்தது. அவர் சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். அவளுக்குக் கோபம் வந்தது, அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை மங்கை போனில் அழைத்தாள். வழக்கமாக விஜயலட்சுமிதான் பேசுவாள். சாப்பாடு, மருந்து, நடை என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கு அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்பிரகாசம் இடது கையை நீட்டினார்.

"என்ன வேணும்? தண்ணியா?"

இல்லை என்று தலையசைத்துவிட்டு, கையை இன்னும் நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுவிட்டார். அந்தப் பக்கம் மகள், "அம்மா? அம்மா, கேக்குதா?" என்பது இவளுக்கும் கேட்டது.

"கப்..." என்றார். நின்றார். நெற்றி சுருங்கிற்று. "கப் ஆயேகீ?"

எப்போது வருவாய்.

விஜயலட்சுமி ஜன்னல்வரை போனாள், திரும்பினாள், மேசையிலிருந்த தம்ளரை எடுத்து வேறிடத்தில் வைத்தாள். பிப்லப் எழுந்து வெளியே போனான்.

"ஞாயித்துக்கிழமைப்பா" என்றாள் மங்கை கடைசியில். அழுகிறாள் என்று தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்ல வர்றேன்."

அவர் அதைக் கேட்டார். புரிந்ததா இல்லையா தெரியவில்லை. மறுபடியும், இந்தத் தடவை தடுமாறாமல், அதையே கேட்டார். மங்கை மறுபடியும் பதில் சொன்னாள். விஜயலட்சுமி போனுக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.